தலைக்கு மேலே நடந்தவர்

"தலையை அசைக்காதீங்க தம்பி! அசைச்சா சத்தம் கலைஞ்சிடும்!"

பெரியவர் அதட்டிய வேகத்தில் சரவெடி, சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் போலக் கழுத்தை விறைத்துக்கொண்டான். சரவெடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்பதற்காக ஊர் வைத்தது. மேடத்தின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளர், ஓட்டுநர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவன் ஒருவனே. மேடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று போய்ப் பார்த்துவருவதே அங்கே அவர் வேலை. அதனால் யார் எதைச் சொன்னாலும் நம்பாத ஒரு முகம் அவருக்கு நிரந்தரமாக வாய்த்துவிட்டது.

"முன்னாடி மூணு. பக்கத்துக்கு ஒண்ணு. பின்னாடி ரெண்டு. மூலையில குண்டா ஒண்ணு, அது அடிவயித்துக்கு. அப்புறம் மேல பாருங்க, சீலிங்ல நாலு!" பெரியவர் விரலால் சுட்டிக் காட்டினார். "இதுக்குப் பேரு த்ரீ-டி சவுண்ட். மழை பெய்ஞ்சா மேலேருந்துதான் பெய்யும்."

"எங்க வீட்டுலயும் மழை மேலேருந்துதான் சார் பெய்யுது" என்றான் சரவெடி. "ஓடு ஒழுகுதுல்ல."

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. துணி மொத்த வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, காதுகளை மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தார். இந்த ஹோம் தியேட்டரை வாங்கியது, மாட்டியது, வயர் இழுத்தது எல்லாமே மாப்பிள்ளைதான். பெரியவரின் தலை வரும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, வீட்டில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்து சரிசெய்தாராம். நடு நாற்காலிக்குத்தான் அசல் சத்தம் வருமாம். மற்ற நாற்காலிகளுக்கு வருவது மிச்சம்.

விளக்கு அணைந்தது. திரையில் கடல் கொந்தளித்தது. ஒரு கட்டுமரத்தில் இரண்டு பேர் தத்தளித்தார்கள். மழை கொட்டியது.

"மேலேருந்து வருதா?" என்றார் பெரியவர் இருட்டில்.

சரவெடி உற்றுக் கேட்டான். மழை கேட்டது. முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் கேட்டது. மேலே கேட்டதா என்று சத்தியம் செய்ய முடியவில்லை. ஆனால் கூலி கொடுக்கப்போகிறவர் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல அவன் என்ன முட்டாளா?

"நனைஞ்சே போயிட்டேன் சார்!"

விளக்கு எரிந்ததும், "அட்டிகை விஷயம் பேசலாமா?" என்றார் மேடம்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இதே படம் இதே அறையில் ஓடியது. முன்வரிசையில் பெரியவரும் அவர் மகளும். பின்வரிசையில் ரிமோட்டோடு மாப்பிள்ளை. மகன் வியாபார விஷயமாக வெளியூர். மருமகளுக்கு அழைப்பு இல்லை. படம் முடிந்து மாடிக்குப் போன பெரியவர், படுக்கையறை பீரோவில் இருந்த, காலமான மனைவியின் வைர அட்டிகையைக் காணோம் என்று கத்தினார். பீரோ சாவி தலையணைக்கு அடியில் இருப்பது ரகசியம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தியேட்டருக்குள் இருந்த மூவரைக் கழித்தால் மிச்சம் மருமகள் ஒருத்திதான். கழித்தல் கணக்கு பெரியவருக்கு நன்றாகவே வரும்.

"அவதான். அதுல சந்தேகமே இல்ல. நீங்க ஒரு முறைக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா போதும். சாயங்காலம் என் பையன் வந்துடுவான். கையோட கொண்டுபோய் அவங்க அப்பன் வீட்டுல விட்டுட வேண்டியதுதான்."

மாடிப்படிக்குக் கீழே ஒரு நீலப் பெட்டி தயாராக நின்றது. அதை அடுக்கியவள் மகள் என்று பின்னால் தெரிந்தது. மருமகள் அதைத் தொடவும் இல்லை, நகரவும் இல்லை. போகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் "போகமாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம். அதையும் திமிர் என்று குற்றப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

"அன்னைக்குப் படத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது சார்?" என்றார் மேடம்.

சரவெடி திரும்பிப் பார்த்தான். திருட்டு விசாரணையில் சினிமா விமர்சனம் கேட்கும் துப்பறிவாளரை அவன் அப்போதுதான் பார்க்கிறான்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "காலடிச் சத்தம்! அடடா! என் தலைக்கு மேலயே ஒருத்தன் நடக்கறான் மேடம். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு. நிக்கறான். கதவைத் திறக்கற மாதிரி ஒரு கிறீச். மறுபடி நடக்கறான். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. 'சபாஷ் மாப்பிள்ளை!'ன்னு கத்தியே கத்திட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என் மாப்பிள்ளைக்கு அடக்கம் ஜாஸ்தி."

மருமகள் சமையலறையில் இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் குரல் அழவில்லை. ஞாயிறன்று கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பார்த்த சாட்சி ஈரத்துணிகள் மட்டும்தான்.

"உங்களை மட்டும் ஏன் படம் பார்க்கக் கூப்பிடல?" என்று கேட்டார் மேடம்.

"முதல் நாள் கூப்பிட்டாங்க மேடம். உக்கார வச்சு, மேலேருந்து சத்தம் வருதான்னு கேட்டாங்க. வரலையே மாமான்னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்து எனக்குக் காது சரியில்ல, ரசனை இல்ல, இந்த வீட்டுக்கு லாயக்கில்ல." அவள் அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள். "சும்மா வருதுன்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

நனைந்துபோனவன் சுவரைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் அவன் சமாளித்துக்கொண்டான். "மேடம், எனக்குப் புரிஞ்சுபோச்சு. நகை எங்கயும் போகல, சீலிங் ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ளதான் இருக்கு. கையை விட்டா வந்துடும். எத்தனை கதையில படிச்சிருக்கேன்!"

"எடுத்துட்டு வா. நான் மாப்பிள்ளைகிட்ட பேசிட்டிருக்கேன்."

மாப்பிள்ளை ஹாலில் சாய்ந்திருந்தார். சட்டையும் சிரிப்பும் கச்சிதமாகத் தேய்த்து மடித்தவை. மருமகளுக்காக அவர் பட்ட வருத்தம் இருக்கிறதே, ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட அவரிடம் பாடம் படிக்க வேண்டும். ஏணி தேடுகிற சாக்கில் சரவெடியும் அங்கேயே நின்றான்.

"பாவம் மேடம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ. மன்னிச்சு அனுப்பிடலாம்னுதான் நான் மாமாகிட்ட சொன்னேன். எல்லாரையும் சோதனை போடுங்க, முதல்ல என் பையைப் பாருங்கன்னு நானே குடுத்தேன்."

"பெரிய மனசு. படம் ஓடும்போது நீங்க எழுந்திரிக்கவே இல்லையா?"

"கண்ணைக்கூட மூடல. ஒவ்வொரு சேனலா செக் பண்ணிட்டிருந்தேன்."

"சீலிங்ல என்னென்ன சத்தம் வந்தது?"

அவ்வளவுதான். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். இடி, மழை, ஒரு ஹெலிகாப்டர், கடல் பறவைகள் என்று வானத்தில் இருப்பதையெல்லாம் இறக்கினார்.

"காலடிச் சத்தம்?"

"காலடியா?" மாப்பிள்ளை சிரித்தார், விஷயம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "படம் முழுக்க ரெண்டு பேர் கட்டுமரத்துல மிதக்கறாங்க மேடம். கட்டுமரத்துக்கு மாடி ஏது? யாராவது நடந்தா தண்ணிக்குள்ளதான் நடக்கணும். இந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். காலடிச் சத்தம் ஒண்ணுகூட கிடையாது. எழுதியே தரேன்."

"அன்னைக்கும் கேக்கல?"

"இருந்தாத்தானே கேக்கும்?"

மேடம் நன்றி சொல்லிவிட்டு, அறைக்குள் இருந்த மகளிடம் போனார். அவள் எரிச்சலோடு பதில் சொன்னாள். ஆமாம், யாரோ நடந்தார்கள். நின்றார்கள். ஏதோ கிறீச்சிட்டது. அப்பா சபாஷ் என்று கத்தியதில் தூக்கிவாரிப் போட்டது. அதற்கென்ன இப்போது?

அதற்கென்ன என்பதைக் கேட்கச் சரவெடி அங்கே இல்லை. தியேட்டரில் ஏணியின் உச்சியில் நின்று, சீலிங்கில் இருந்த வட்டமான வலையைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே கையை விட்டான். முழங்கை வரை போனது. தூசி வந்தது. ஒரு செத்த பல்லி வந்தது. அடுத்ததைக் கழற்றினான். அதற்கும் அடுத்ததை. நாலாவதையும் பார்த்துவிட்டு இறங்கியபோது அவன் முகத்தில் நிஜமான குழப்பம்.

கதவருகே பெரியவரும் மேடமும் நின்றார்கள்.

"என்னடா, நகை இருக்கா?"

"நகை இல்ல மேடம். அது பரவாயில்ல." சரவெடி தும்மினான். "ஸ்பீக்கரும் இல்ல."

பெரியவர் புரியாமல் அவனையே பார்த்தார்.

"வெறும் வலை சார். ஓட்டை போட்டு, மேல வலையை ஒட்டியிருக்காங்க. ஸ்பீக்கர் இல்ல, வயர் இல்ல. ஒரு பல்லி இருந்தது, அதுக்கும் உயிர் இல்ல."

மேடம் ஆம்ப்ளிஃபயரின் மெனுவில், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதித்துப் பார்க்கும் பொத்தானை அழுத்தினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் முன்னால் கிளம்பி, பக்கத்துக்கு வந்து, பின்னால் சுற்றி, மறுபக்கம் போய், மூலையில் இருந்த குண்டுப் பெட்டியில் உறுமிவிட்டு நின்றது. மேலே ஏறவே இல்லை. பெரியவர் நடு நாற்காலியில், தலை இருக்க வேண்டிய இடத்தில் தலையை வைத்துக்கொண்டு, இரண்டாம் முறையும் காத்திருந்தார். இரண்டாம் முறையும் அது படி ஏறவில்லை.

ஊரையே கூப்பிட்டு உட்கார வைத்து, மேலேருந்து வருதா என்று கேட்டவர் அவர். ஊரே ஆமாம் என்றது. வரவில்லை என்று சொன்ன ஒருத்திக்குக் காது சரியில்லை என்று முடிவு கட்டியவரும் அவரே. இப்போது அந்த முகத்தைப் பார்க்கச் சரவெடிக்கே பாவமாக இருந்தது. ஆனால் மனுஷன் வியாபாரி. நஷ்டத்திலும் ஒரு லாபத்தைப் பொறுக்கிவிட்டார்.

"அப்படின்னா..." துள்ளி எழுந்தார். "அப்படின்னா அன்னைக்கு நான் கேட்டது படத்துச் சத்தம் இல்ல! நிஜமாவே மேல ஒருத்தர் நடந்திருக்காங்க! இதுக்கு நேர் மேல இருக்கற என் ரூம்ல! நான் உள்ள இருக்கேன், என் பொண்ணு உள்ள இருக்கா, மாப்பிள்ளை உள்ள இருக்கார். வேற யாரு? அவதான்! மாட்டினாளா! எல்லாரும் வாங்க இங்க!"

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாக, சரவெடி ஏணி ஏறியதே அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. இதுவரை அவள்மேல் இருந்தது வெறும் சந்தேகம். இப்போது இரண்டு பேர் காதால் கேட்ட சாட்சி.

மகள் வந்தாள். மாப்பிள்ளை வந்தார். கழற்றிக் கிடந்த வலைகளைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பில் ஒரு மடிப்பு கலைந்தது. மருமகள் கடைசியாக வந்து கதவோரமாக நின்றாள். நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்பீக்கர் விஷயம் நான் அப்புறம் விளக்கறேன் மாமா" என்று முந்திக்கொண்டார் மாப்பிள்ளை. "கம்பெனிக்காரன் லேட் பண்ணிட்டான். சர்ப்ரைஸா மாட்டலாம்னு... அது வேற. ஆனா மேல நடந்தது யாருன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல? அண்ணி, ஒத்துக்குங்க. நான் பேசி எல்லாரையும் சமாதானம் பண்றேன்."

"நான் மேல போகவே இல்ல" என்றாள் மருமகள்.

"உங்களுக்குக் காலடி கேட்டதா?" என்று மகளைக் கேட்டார் மேடம்.

"கேட்டதுன்னுதான் சொன்னேனே."

"உங்களுக்கு?"

"நல்லா கேட்டது!" என்றார் பெரியவர். "கதவு கிறீச்சிட்டதுகூட."

"முன்வரிசையில இருந்த ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கு. சார் சபாஷ்னு கத்தினதும் கேட்டிருக்கு. பின்வரிசையில, கண்ணைக்கூட மூடாம, ஒவ்வொரு சத்தமா செக் பண்ணிட்டிருந்தவருக்கு மட்டும் காலடி கேக்கல, சபாஷுக்கும் அவர்கிட்டேருந்து பதிலே இல்ல. காலடிச் சத்தம் இல்லவே இல்லன்னு எழுதியே தரேன்னார்." மேடம் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "வராத ஹெலிகாப்டரைக் கேட்டீங்க. வராத பறவையைக் கேட்டீங்க. நிஜமா மேலேருந்து வந்த ஒரே சத்தத்தை மட்டும் எப்படித் தம்பி விட்டீங்க?"

மகள் புருஷன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"நடக்கறவனுக்கு அவன் நடக்கறது கீழ எப்படிக் கேக்குதுன்னு தெரியாது மேடம்" என்றான் சரவெடி. அவனுக்கு உயிர் வந்துவிட்டது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. இவர் வாழ்நாள்ல சொன்ன ஒரே உண்மை அந்தப் படத்துல காலடி இல்லங்கறதுதான். அதுலயே மாட்டிக்கிட்டார்."

"நான்... கொஞ்சம் கண்ணசந்திருப்பேன்..."

"இப்பதான் கண்ணை மூடலைன்னீங்க" என்றார் மேடம். "சார், வீட்டை முழுக்கத் தேடினீங்களே. ஏதாவது ஒரு இடத்தை விட்டீங்களா?"

"இண்டு இடுக்கு விடல. இவ பீரோவைக் கவுத்தே போட்டாச்சு. ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியை மட்டும் தொடல. பெட்டி கசங்கினா வாரண்டி போயிடும்னு மாப்பிள்ளை சொல்லியிருக்கார். தேடற அமளியில நசுங்கிடக்கூடாதுன்னு அன்னைக்குச் சாயங்காலமே அதை ஸ்டோர் ரூம்ல வச்சு நானே பூட்டிச் சாவியை இடுப்புல வச்சிருக்கேன்." பெரியவரின் குரல் மெல்லத் தேய்ந்தது. "நேத்து அவரேதான் மறதியா, பழைய பெட்டிதானே மாமா, தூக்கிப் போட்டுடறேன் சாவி குடுங்கன்னார். நான்தான், வாரண்டி போயிடும்னு திட்டி அனுப்பினேன்..."

அவர் இடுப்பிலிருந்த சாவியை மகள் பிடுங்கினாள். ஸ்டோர் ரூமில் பெட்டிகள் சரியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் 'சீலிங் ஸ்பீக்கர்' என்று அச்சடித்த காலிப் பெட்டி, மறு கையில் அம்மாவின் அட்டிகை. பெட்டியைப் புருஷன் மேல் எறிந்தாள்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு அதிகம் மறைக்கவில்லை. சீலிங் ஸ்பீக்கருக்கு மாமனார் கொடுத்த பணத்தில் தன் காருக்கு ஆடியோ போட்டுக்கொண்டாராம். மாமாவின் நண்பர், சினிமா ஒலிப்பதிவில் ஊறியவர், அடுத்த வாரம் படம் பார்க்க வருகிறார் என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குள் நிஜ ஸ்பீக்கர் மாட்டியாக வேண்டும்.

"அட்டிகையை வித்து உங்களுக்குத்தான் மாமா ஸ்பீக்கர் வாங்க இருந்தேன். எனக்குன்னு ஒண்ணும் இல்ல."

"உங்க நகையை எடுத்து, உங்க வீட்டுக்கே செலவு பண்ண இருந்திருக்கார் சார்" என்றான் சரவெடி. "இந்தக் காலத்துல எந்த மாப்பிள்ளை செய்வான்?"

மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள். மாப்பிள்ளை அவள் பின்னாலேயே ஓடினார். பெரியவர் அட்டிகையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவர் வாயில் ஏதோ வார்த்தை உருண்டது. சரவெடி ஆவலோடு காத்திருந்தான். ஒரு மன்னிப்பாவது தேறும் என்று நினைத்தான்.

"சரி சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் பெரியவர். "எல்லாரும் களைச்சுப்போயிருக்கோம். உள்ள போய் டீ போட்டுக் கொண்டா."

மருமகள் சமையலறைப் பக்கம் போகவில்லை. நேராக மாடிப்படிக்குப் போய், அங்கே நின்ற நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்கம்மா போற? அதான் நீ இல்லைன்னு ஆயிடுச்சே!"

"அதனாலதான் போறேன் மாமா. நீங்க போகச் சொன்னப்ப போயிருந்தா திருடின்னு ஆயிருக்கும். அதுக்காகத்தான் இத்தனை நாளும் நகராம நின்னேன். இப்ப போகலாம்ல?"

"இரும்மா... சாயங்காலம் உன் புருஷன் வருவான். வந்து எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "நகை போன அன்னைக்கு அவருக்குப் போன் போட்டு அழுதேன். 'அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னார். நான் போயிட்டேங்கறதையும் அப்பாவே சொல்லுங்க. சரியாத்தான் இருக்கும்."

சரவெடி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல்வரை நடந்தான். வழியில் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். வண்டி பிடித்து, பெட்டியை ஏற்றி, அவள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பெரியவர் அதே இடத்தில்தான் நின்றார்.

"திரும்பி வருவாளா மேடம்?"

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "நகை யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டீங்க சார். இதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."